311 டாலர் 76 சென்ட்: காரில் வைக்க மலிவான கைத்துப்பாக்கி தேடிப் போனவனின் எச்சரிக்கை

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு, ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஓர் அடகுக் கடையின் மேலாளர், நான் நீட்டிய ரசீதைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போல் அச்சிட்டிருந்த ஒரு வரியை நகத்தால் தட்டிக் காட்டினார். உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்பது அந்த வரி. அதனால் எனக்குப் போனது 311 டாலர் 76 சென்ட். கோபம் ஆறிவிட்டால் ‘போனால் போகிறது’ என்று நானே விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். வழக்குத் தொடுக்கும் எண்ணம் இருப்பதால் கடையின் பெயரையோ துப்பாக்கியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையோ சொல்லப் போவதில்லை. காருக்கு ஏற்ற மலிவான துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கமாக எழுதுவதாக நண்பர்கள் சிலரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு எழுத முடிகிறதோ, கடைசியில் எழுதுகிறேன்.

மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. விக்டோரியா, ரெஃபூஜியோ, கார்ப்பஸ் கிறிஸ்டி என்று தெற்கு டெக்சஸில் இரவு நேரங்களில் தனியாகக் கார் ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் 77ஆம் எண் நெடுஞ்சாலையில் டயர் வெடித்து, கைப்பேசியில் சிக்னலும் இல்லாமல் நின்றபோது, ஒரு பிக்கப் வண்டி சற்றுத் தள்ளி வந்து நின்று, விளக்கை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் அசையாமல் இருந்துவிட்டுப் போனது. அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கால் மணி நேரம்தான் என்னைத் துப்பாக்கிக் கடை வரை இழுத்துச் சென்றது. என் மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. சிவகங்கைப் பக்கம் என் பெரியப்பாவிடம் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் உரிமம் புதுப்பிக்க அலைவார், தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கி வருவார். அப்படி வளர்ந்த எனக்கு, நாற்பது நிமிடத்தில் ஒரு துப்பாக்கியுடன் கடையை விட்டு வெளியே வர முடியும் என்பதை நம்பவே சிரமமாக இருந்தது.

அதிகம் செலவழிக்க வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். காரில் வைக்கும் பொருள் திருடு போகலாம். கோடையில் மூடிய காருக்குள் 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். கடலோர ஈரக் காற்றில் துருவும் பிடிக்கும். இதற்கு எதற்கு 600 டாலர் என்று நினைத்தேன். 200 முதல் 300 டாலருக்குள் புதிதாகவே 9 மி.மீ. துப்பாக்கிகள் கிடைக்கின்றன. ஒஹையோ மாநிலத்தில் தயாராகும் ஹை-பாயிண்ட் நிறுவனத்தின் சி-9 துப்பாக்கி கையில் எடுத்தால் செங்கல் போலக் கனக்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்காது. ஆனால் எத்தனை கை மாறி வந்திருந்தாலும் ஆயுள் முழுக்க இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவோம் என்பது அந்த நிறுவனத்தின் வாக்கு. அலுவலக நண்பர் ஒருவர் அதையே வாங்கச் சொன்னார். அழகாக இல்லை என்று ஒதுக்கினேன். என் புத்தியை நொந்துகொள்ள எனக்கு இப்போது இருக்கும் காரணங்களில் இதுவே முதலாவது.

நம் ஊர் அடகுக் கடையில் நகை இருக்கும். இங்குள்ள அடகுக் கடையில் கிடார், மின்ரம்பம், மீன்பிடி தூண்டில் எல்லாவற்றுக்கும் நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள் வரிசையாகப் படுத்திருக்கும். மத்திய அரசின் விற்பனை உரிமம் சுவரில் சட்டமிட்டுத் தொங்கியது. அதைப் பார்த்ததும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. விற்பனை இளைஞன் மிகவும் மரியாதையானவன். வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போட்டான். நான் கேட்காமலே பெட்டியைத் திறந்து, சிறிய கறுப்புத் துப்பாக்கி ஒன்றை எடுத்து, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுத்து விட்டான். அது சற்று இறுகி நின்று, பிறகு நகர்ந்தது. “பாருங்கள் சார், எவ்வளவு இறுக்கம், சுடவே படாத துப்பாக்கி” என்றான். ஒரு போலீஸ் துறை புதிய துப்பாக்கிகளுக்கு மாறியபோது கழித்துக் கொடுத்தவற்றில் ஒன்று என்றும், தன் அம்மாவின் காரில் இருப்பதும் இதே வகைதான் என்றும் சொன்னான். முப்பது நாட்களுக்குள் எந்தக் குறை இருந்தாலும் கொண்டு வாருங்கள் என்று சொல்லி, கடையின் அட்டை ஒன்றைத் திருப்பி அதன் பின்னால் தன் பெயரையும் ஓர் எண்ணையும் பேனாவால் எழுதிக் கொடுத்தான். ஒரு மனிதன் தன் கைப்பட எழுதித் தருகிறானே என்று அந்த அட்டையை பர்ஸில் பத்திரமாக வைத்தேன். அந்த நிமிடத்தில்தான் நான் விழுந்தேன். முன்பக்கம் அச்சிட்டிருந்த கடை எண்ணைத்தான் பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறான் என்பது வீட்டில் அட்டையைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

துப்பாக்கி 229, காரில் இருக்கைக்கு அடியில் கம்பிவடம் போட்டுப் பூட்டும் இரும்புப் பெட்டி 39, ஐம்பது தோட்டாக்கள் 20, அதற்கு மேல் 8.25 சதவீத விற்பனை வரி. ஆக மொத்தம் 311 டாலர் 76 சென்ட். துப்பாக்கி வாங்குவோர் தர வேண்டிய, 4473 என்ற எண்ணுள்ள படிவத்தைப் பூர்த்தி செய்து, கிரீன் கார்டைக் காட்டினேன், எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையில் சில நிமிடங்களில் அனுமதி வந்தது. வாங்குகிற என்னைச் சோதிக்க ஒரு நாடே முனைந்து நிற்கிறது, விற்கிற பொருளைச் சோதிக்க ஒருவரும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சுடும் பயிற்சித் தளத்துக்குச் சென்றேன். நான்காவது தோட்டாவில் ஸ்லைடு பின்னால் போய்ப் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. உள்ளங்கை சிவக்க இழுத்து விடுவித்தால், அடுத்த மூன்று தோட்டாக்களுக்குப் பிறகு மீண்டும் சிக்கியது. ஏழு கஜத்தில் வைத்த காகிதத்தில் குண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பட்டிருந்தன. முதலில் என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன்.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். தோட்டா மலிவானது, வேறு வகை போட்டுப் பாருங்கள் என்றார்கள். அந்தத் தோட்டாவை விற்றவர்களும் அவர்களேதான். வேறு வகை வாங்கிச் சுட்டேன், அதே கதை. இரண்டாம் முறை பேசியபோது, புதுத் துப்பாக்கி பழகுவதற்கு 200 தோட்டாக்களாவது சுட வேண்டும் என்றார்கள். போலீஸ்காரர் வைத்திருந்த துப்பாக்கிக்குப் பழக்கம் எதற்கு என்று கேட்கும் சமயோசிதம் எனக்கு அப்போது இல்லை. மூன்றாம் முறை நேரில் போனேன். அந்த இளைஞனுக்கு அன்று விடுமுறையாம். வேறொருவர் என் கையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் மணிக்கட்டைத் தளர்த்திப் பிடிக்கிறீர்கள், அதனால்தான் சிக்குகிறது என்று சிரித்தார். இந்தப் பதில்களில் ஒன்றுகூட முழுப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மட்டமான தோட்டாவும், தளர்ந்த பிடியும், புது இயந்திரத்தின் இறுக்கமும் உண்மையிலேயே துப்பாக்கியைச் சிக்க வைக்கும். அதனால்தான் எதற்கும் பொருந்தும் சாவி போல அவற்றை மாற்றி மாற்றிப் போட்டார்கள். நான்காம் முறை, தயாரிப்பாளரின் உத்தரவாதம் இருக்கிறது, அங்கே அனுப்புங்கள் என்றார்கள். தேடிப் பார்த்தால் அந்த நிறுவனத்தை மூடியே ஆண்டுகள் ஆகிவிட்டன.

கடைசியில் பயிற்சித் தளத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் முதியவரிடம் கொண்டு போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அரை நிமிடத்தில் ஸ்லைடைக் கழற்றி, குண்டு பாய்ந்து போகும் குழலான பேரலை மட்டும் வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தார். பளபளவென்று சுழன்று போகும் வரிகளுக்கு நடுவே, பாதி தூரத்தில், ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. பிறகு என் கட்டை விரலைப் பிடித்து பேரலின் வெளிப்புறத்தில் தடவ வைத்தார். அதே இடத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு மேடு. முன்பு யாரோ வெடிமருந்து குறைந்த ஒரு தோட்டாவைச் சுட்டு, குண்டு பேரலுக்குள்ளேயே தங்கிவிட்டதை அறியாமல், அதன் பின்னால் அடுத்த தோட்டாவையும் சுட்டிருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் பேரல் உப்பிவிட்டது. உப்பிய இடம் ஸ்லைடில் உரசிச் சிக்குகிறது. தொடர்ந்து சுட்டால் பேரல் பிளந்தும் போகலாம் என்றார். கடையில் நான் கண்ட அந்த ‘இறுக்கம்’ இதுதான். இந்த வகைத் துப்பாக்கியை எந்தப் போலீஸ் துறையும் வாங்கியதாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொன்னார். மாற்று பேரல் கிடைக்காது, செய்தவர்கள்தான் இல்லையே. மலிவுத் துப்பாக்கி நிறுவனங்கள் இப்படி மறைவது புதிதல்ல என்று கலிஃபோர்னியாவின் பிரைகோ ஆர்ம்ஸ் கதையைச் சொன்னார்: பாதுகாப்புப் பூட்டை விடுவித்தால்தான் உள்ளிருக்கும் தோட்டாவையே அகற்ற முடியும் என்ற வடிவமைப்பால் ஒரு சிறுவன் உடல் செயலிழந்தான், 2003இல் பல கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது, நிறுவனம் திவாலானது. போகிற போக்கில் என் 39 டாலர் இரும்புப் பெட்டியையும் வாங்கி, மூடியின் இடுக்கில் ஒரு திருப்புளியை வைத்து நெம்பினார். நான் பத்து எண்ணுவதற்குள் திறந்துவிட்டது.

அந்த பேரலை எடுத்துக்கொண்டுதான் நேற்று கடைக்குப் போனேன். மேலாளர் வளையத்தைப் பார்க்கவே மறுத்தார். அது நான் சுட்டதால் வந்தது இல்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். முப்பது நாள் பேச்சைச் சொன்னேன். அப்படிச் சொன்ன ஊழியர் இப்போது இங்கே வேலை செய்யவில்லை என்றார். அட்டையை நீட்டினேன், இதில் ‘முப்பது நாள்’ என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். பிறகு பெரிய மனது பண்ணுவது போல, வேண்டுமானால் 70 டாலருக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். உப்பிய பேரலோடு இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. 311 டாலர் 76 சென்ட் கொடுத்த இடத்தில் 70 டாலர் வாங்கிக்கொண்டால், அடுத்த வாரம் இன்னொருவன் கையில் ‘சுடவே படாத துப்பாக்கி’ என்று இது போய்ச் சேரும். அதனால் கொடுக்கவில்லை.

இங்கே பொம்மை உடைந்து குழந்தைக்குக் காயம் பட்டால், அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே துப்பாக்கியை அதன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். எனக்கு இருக்கும் ஒரே வழி, டெக்சஸ் மாநிலத்தின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டத்தின்படி கடைக்கு 60 நாள் அவகாசம் தந்து கடிதம் அனுப்பி, பிறகு சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் மனுப் போடுவது. கடிதம் தயாராக இருக்கிறது.

ஒப்புக்கொண்ட அறிவுரைக்கு வருகிறேன். பொறுமை மிச்சமில்லாததால் சுருக்கமாகத்தான். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியை வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களும், ஒரு துப்பாக்கி வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படலாம் என்பதை நினைவில் வையுங்கள். டெக்சஸில் 2007 முதல் சொந்தக் காரில் வெளியே தெரியாமல் கைத்துப்பாக்கி வைக்க உரிமம் தேவையில்லை என்பதை நம்பி அப்படியே அடுத்த மாநிலத்துக்குள் ஓட்டிப் போகாதீர்கள். கொலராடோவில் 2025 முதல், ஆளில்லாத காரில் பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல்தான் வைக்க வேண்டும். பழையதை வாங்குவதானால் பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். வாயால் சொன்ன உத்தரவாதத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், ரசீதின் பின்பக்கத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே படியுங்கள். தயாரித்த நிறுவனம் இன்று உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் காரிலேயே விட்டு வராதீர்கள்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பப் புறப்பட்டவன், கார் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்து திரும்பினேன். தபால் அலுவலக வாகன நிறுத்துமிடத்துக்குள்கூடத் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பது தபால் துறையின் விதி. இருக்கைக்கு அடியில் குனிந்து, வடத்தை அவிழ்த்து, நெம்பிய மூடியுடன் அந்தப் பெட்டியை எடுத்து வீட்டுக்குள் கொண்டு வந்தபோது, என் மனைவி ஒன்றும் பேசாமல் அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து கொடுத்தாள்.