சூப்பர் மார்க்கெட் பார்க்கிங் பில்: கட்டுவதா, கடையைப் பிடிப்பதா, எதிர்ப்பதா?

பிரிட்டனில் காரில் போய்ச் சாமான் வாங்கும் எவர் வீட்டுக்கும், கடையின் பார்க்கிங்கில் விதியை மீறிக் கார் நின்றதாகச் சொல்லும் ஒரு தனியார் நிறுவனத்தின் கடிதம் ஒருநாள் வரலாம். நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், நம்பர் பிளேட்டின் இரண்டு மங்கலான படங்கள், கீழே தடித்த எழுத்தில் 100 பவுண்ட். 14 நாளுக்குள் கட்டினால் 60. அன்று கடையில் செலவழித்தது 35 பவுண்டுகூட இருந்திருக்காது. கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை அறிய, தனியார் பார்க்கிங் நிறுவனங்கள் டி.வி.எல்.ஏ. எனப்படும் வாகனப் பதிவு அலுவலகத்தை ஆண்டுக்கு ஒரு கோடி முறைக்கு மேல் கேட்கின்றன. ஒவ்வொரு முகவரிக்கும் அவை கொடுக்கும் விலை இரண்டரைப் பவுண்ட்.

கடிதம் வந்துவிட்டது என்று கோயிலிலோ பிறந்தநாள் விருந்திலோ சொல்லிப் பாருங்கள், யோசனைகள் குவியும். கட்டித் தொலை என்பார் ஒருவர். கிழித்துப் போடு என்பார் இன்னொருவர். கடை மேனேஜரைப் பார், அப்பீல் எழுது, கோர்ட்டுக்கே வரட்டும் என்று மற்றவர்கள். ஐந்துமே ஏதாவது ஒரு சூழ்நிலையில் சரியான யோசனைதான். ஆனால் ஒன்றைச் செய்தால் இன்னொன்றைச் செய்ய முடியாமல் போகும். அதனால் எது மலிவு என்று மட்டும் பார்க்காமல், எதைச் செய்தால் எந்தக் கதவு மூடிக்கொள்கிறது என்பதையும் வைத்து இவற்றை எடைபோட வேண்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பெயர் பி.சி.என்., அதாவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். கவுன்சில் அனுப்பும் அபராதச் சீட்டும் (பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்) இதே சுருக்கப் பெயரில்தான் வரும். அது சட்டப்படியான அபராதம். அதை எதிர்க்க வேறு தீர்ப்பாயம் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் வளாகத்தில் வருவது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று ஒரு நிறுவனம் போடும் பில். இனி சொல்லப்போவது எல்லாம், சீட்டு என்று சொன்னாலும், இந்தப் பில்லைப் பற்றியது.

கட்டிவிடுவதும் கிழித்துப் போடுவதும்

60 பவுண்டைக் கட்டி முடிப்பதைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அறிவிப்புப் பலகைகள் கண்ணில் படும்படி இருந்து, ஒரு மணி நேரம் கூடுதலாக நின்று, கடிதமும் (பின்னால் விளக்கும்) கெடுவுக்குள் வந்து, கடையும் கையை விரித்துவிட்டால் கட்டுவதே புத்திசாலித்தனம். 2013 ஏப்ரலில் செம்ஸ்ஃபோர்டு ரிவர்சைட் வணிக வளாகத்தில் பேரி பீவிஸ் என்பவர் இரண்டு மணி நேர இலவச எல்லையை 56 நிமிடம் தாண்டினார். பார்க்கிங் ஐ நிறுவனம் கேட்ட 85 பவுண்டை அவர் மறுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 நவம்பர் 4 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் நிறுவனத்தின் பக்கம் நின்றார்கள். இலவச இடத்தில் வண்டிகள் மாறிமாறி வந்துபோக வேண்டும் என்பது நியாயமான நோக்கம், அதைக் காக்க 85 பவுண்ட் அதிகமில்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்த வளாகத்தை நடத்தும் உரிமைக்காக நிறுவனம் நில உரிமையாளருக்கு வாரம் 1,000 பவுண்ட் கொடுத்துக்கொண்டிருந்ததும் அந்த வழக்கில் வெளிவந்தது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை இனி விளக்கத் தேவையில்லை.

கட்டுவதில் ஒரே குறை, அது எல்லாக் கதவையும் ஒரேயடியாக மூடிவிடும். கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய நடக்காத காரியம். அவசரமும் தேவையில்லை: முதல் 14 நாளுக்குள் அப்பீல் செய்து அது நிராகரிக்கப்பட்டால், தள்ளுபடி விலையில் கட்ட இன்னொரு 14 நாள் தர வேண்டும் என்பது இந்தத் துறையின் நடத்தை விதி. கடிதம் வந்த அன்றே கட்டுகிறவர்கள் இந்த வாய்ப்பைச் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

கிழித்துப் போடு என்ற யோசனை ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 2012 அக்டோபர் 1க்கு முன்பு, ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் நிறுவனத்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்தது. பதிலுக்கு, சில நிபந்தனைகளோடு, கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்தப் பதிவுதாரரிடமே பணம் கேட்கும் உரிமையை நிறுவனங்களுக்குக் கொடுத்தது. 2012க்கு முன் தப்பித்தவர்கள்தான் இன்றும் அடித்துச் சொல்கிறார்கள், ஒன்றும் நடக்காது என்று. ஸ்காட்லாந்தில் பதிவுதாரர் பொறுப்பு இன்னும் நடைமுறைக்கு வராததால் அங்கே அந்தப் பேச்சுக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால் அங்கேயும் 2017இல் டண்டீ நீதிமன்றம், நூற்றுக்கணக்கான சீட்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு பெண் 24,500 பவுண்ட் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது.

கடன் வசூல் நிறுவனங்களின் சிவப்பெழுத்துக் கடிதங்களைப் புறக்கணிப்பதில் தவறில்லை. 70 பவுண்ட் கூட்டி 170 கேட்பார்கள். வீட்டு வாசலில் வந்து பொருளை எடுக்க அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. வழக்கு தொடரப்போவதாகச் சொல்லும் கடிதமும் கோர்ட் படிவமும் வேறு சங்கதி. வீடு மாறியபின் காரின் பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்றாதவர்கள்தான் இதில் மோசமாக மாட்டுகிறார்கள். கடிதங்கள் பழைய வீட்டுக்கே போகும், பதில் இல்லாததால் தீர்ப்பு எதிராகும், அடமானக் கடன் கேட்டுப் போகும்போதுதான் விஷயம் தெரியவரும். அந்தத் தீர்ப்பை நீக்கக்கோரி மனுப் போட மட்டும் 300 பவுண்டுக்கு மேல் ஆகும்.

கடையைப் பிடிப்பது

என்னைக் கேட்டால் முதலில் தட்ட வேண்டிய கதவு இது. பார்க்கிங் நிறுவனத்துக்கு நீங்கள் யாரோ ஒருவர்; கடைக்கு நீங்கள் வாராவாரம் வரும் வாடிக்கையாளர். நிறுவனத்தை வேலைக்கு வைத்தது கடை என்றால், சீட்டை ரத்து செய்யச் சொல்லவும் கடையால் முடியும். காசும் செலவில்லை, வேறு எந்தக் கதவும் மூடாது.

சனிக்கிழமை மதியம் வரிசையில் நின்று கேட்காதீர்கள். வார நாள் காலையில், கடிதத்தோடும் ரசீதோடும் போய் மேனேஜரைப் பாருங்கள். ரசீது இல்லையென்றால் வங்கிக் கணக்கில் அந்த வரி இருக்கும். கிளப்கார்டு, நெக்டர் போன்ற கடையின் வாடிக்கையாளர் அட்டை வைத்திருப்பவர்களின் கணக்கில் நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். ஓட்டியவர் யார் என்று கடையில் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் குடும்பமாக இங்கே வாங்கினோம், இதோ ரசீது என்றால் போதும். அது எங்கள் கையில் இல்லை, அவர்களிடமே பேசுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும். கடை ஒரு பெரிய வளாகத்துக்குள் வாடகைக்கு இருந்தால் அது உண்மையாகவே இருக்கலாம். அப்போது வளாகத்தை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். மற்றபடி அந்தப் பதிலோடு திரும்பி வராமல் கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். ரத்து செய்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது, மின்னஞ்சலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகக் கெடு நிற்காது. அப்பீலுக்கான 28 நாள் ஓடிக்கொண்டே இருக்கும். பதில் வரும் வரை காத்திருந்து அப்பீல் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். கடைக்கே போகாமல் வண்டியை அங்கே விட்டு ரயிலேறியவர்களுக்கு இந்த வழி இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அப்பீல்: எங்கே, எப்படி

முதல் அப்பீல் நிறுவனத்திடமே. நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பிள்ளைக்கு வயிற்றுவலி, கவுண்டரில் நீண்ட வரிசை, வழியில் தெரிந்தவரைப் பார்த்துவிட்டேன் என்று உள்ளதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். இரக்கம் கேட்கும் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. அதைவிடக் கெடுதல், “நான் காரை நிறுத்தினேன்” என்ற ஒரு வரி. ஓட்டியவர் நான்தான் என்று அது எழுத்தில் ஒப்புக்கொடுத்துவிடுகிறது. பதிவுதாரர் என்ற முறையில் எழுதுங்கள். வாகனம் நின்றதாகக் கூறப்படுகிறது என்ற தொனியில் எழுதுங்கள்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். சம்பவம் ஒன்றாம் தேதி, ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூலம் போடப்பட்ட சீட்டென்றால், பதிவுதாரருக்கான கடிதம் அடுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள், அதாவது 15ஆம் தேதிக்குள், வந்து சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்டதிலிருந்து இரண்டாவது வேலை நாளில் வந்து சேர்ந்ததாகச் சட்டம் கணக்கிடும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்தால் 17ஆம் தேதி செவ்வாய், கெடு தாண்டிவிட்டது. பதிவுதாரரிடம் இனி பணம் கேட்க முடியாது, ஓட்டியவரிடம் மட்டுமே கேட்கலாம். ஓட்டியவர் யார் என்று நீங்களே சொல்லியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

கடைக்கு நஷ்டமே இல்லையே என்ற வாதம் பீவிஸ் தீர்ப்போடு முடிந்துபோனது. அதே தீர்ப்பு நமக்கும் உதவும்: அந்த வளாகத்தில் பலகைகள் பெரிதாகவும் பல இடங்களிலும் தெளிவாகவும் இருந்தன என்பதில்தான் அது நிற்கிறது. உங்கள் கடையில் ஒரே பலகை, விளக்குக் கம்பத்தின் உச்சியில், குளிர்கால இருட்டில் இருந்தால் அதே நேரத்தில் போய்ப் படமெடுத்து வையுங்கள். நேர எல்லை முடிந்தபின் குறைந்தது 10 நிமிடம் சலுகை தர வேண்டும். இலவச நேரத்துக்காகக் கடையின் திரையில் கார் எண்ணைத் தட்டும்போது பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ என்று தட்டியது போன்ற சிறு பிழைக்குச் சீட்டை ரத்து செய்ய வேண்டும். பெரிய பிழை என்றால் 20 பவுண்டாகக் குறைக்க வேண்டும். உடல் குறைபாட்டால் கூடுதல் நேரம் தேவைப்பட்டவருக்கு 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் துணை நிற்கும்.

கேமராவின் தவறும் உண்டு. காலை ஒன்பது மணிக்குப் பால் வாங்கிப் போனவர் மாலை ஆறு மணிக்கு மீண்டும் வந்து ரொட்டி வாங்குகிறார். இடையில் வெளியேறியதையும் திரும்ப நுழைந்ததையும் கேமரா தவறவிட்டால், ஒன்பது மணி நேரம் நின்றதாகப் பில் வரும். அந்த நடுப்பகலில் வேறெங்கோ அட்டையில் பணம் கட்டிய பதிவு, வேலைத்தள வருகைப் பதிவு, இரண்டு ரசீதுகள் என எதுவும் இதற்கு ஆதாரமாகும்.

நிறுவனம் மறுத்தால் அடுத்த படி, அது எந்தச் சங்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் உறுப்பினர் என்றால் பாப்லா எனப்படும் மேல்முறையீட்டு அமைப்பு. இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி என்றால் ஐ.ஏ.எஸ். எனப்படும் சுயாதீன மேல்முறையீட்டுச் சேவை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. பாப்லாவில் காசு கிடையாது, நிராகரிப்பிலிருந்து 28 நாள் அவகாசம் உண்டு, தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. நில உரிமையாளரோடு உள்ள ஒப்பந்தத்தைக் காட்டு என்று கேட்டதும் சில நிறுவனங்கள் வாதாடாமலேயே விலகிக்கொள்கின்றன. தள்ளுபடி விலை கைவிட்டுப் போகும் என்பது மட்டுமே இழப்பு. ஐ.ஏ.எஸ்.ஸில் வாகனக்காரர் ஜெயிப்பது அரிது. தீர்ப்பளிப்பவரின் பெயர்கூட வெளியிடப்படுவதில்லை. மறுக்க முடியாத ஆவணம் கையில் இருந்தால் போங்கள். வெறும் வாதம்தான் என்றால், அதை நீதிபதி முன் வைப்பதற்காகச் சேமித்து வைப்பதே மேல் என்பேன்.

இந்த இரட்டை முறையை ஒழிக்கவே 2019இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2022 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட நடத்தை விதி நடைமுறைக்கு வந்திருந்தால் பெரும்பாலான இடங்களில் கட்டணத்தை 50 பவுண்டுக்குள் அடக்கியிருக்கும். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. ஜூனில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2024 அக்டோபர் முதல் இருப்பது இரு சங்கங்களும் தாமே எழுதிக்கொண்ட பொது விதி.

கோர்ட்

பெயரைக் கேட்டதும் பயப்படும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. வழக்குக்கு முந்தைய கடிதத்துக்குப் பதில் தர 30 நாள். பிறகு நார்த்தாம்டனிலுள்ள கோர்ட் மையத்திலிருந்து வழக்குப் படிவம் வரும். அது சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள் இணையத்தில் ஒப்புகை கொடுத்தால், எதிர்வாதம் தாக்கல் செய்ய மொத்தம் 28 நாள் கிடைக்கும். 2024 மே முதல் தொலைபேசியில் இலவச சமரசப் பேச்சு கட்டாயம். பேச வேண்டும் என்பதுதான் கட்டாயம், ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதல்ல. விசாரணை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கவுண்டி கோர்ட்டில் நடக்கும்.

தோற்றால் எவ்வளவு? சிறு வழக்கு என்பதால் எதிர்த்தரப்பின் முழு வழக்கறிஞர் செலவும் உங்கள் தலையில் விழாது. சீட்டுத் தொகை, வழக்குக் கட்டணம், விசாரணைக் கட்டணம், வழக்கறிஞர் வகையில் 50 பவுண்ட், வட்டி எல்லாம் சேர்ந்து பொதுவாக 200 முதல் 300 பவுண்டுக்குள் நிற்கும். பதிவுதாரரிடம் முதல் கடிதத்தில் கேட்ட தொகைக்கு மேல் வசூலிக்க முடியாது என்று 2012 சட்டத்தில் இருப்பதால், அந்தக் கூடுதல் 70 பவுண்டையும் எதிர்த்து வாதாடலாம். தீர்ப்பு எதிரானாலும் ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையைக் கட்டிவிட்டால் கோர்ட் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். கட்டாமல் விட்டால்தான் ஆறு ஆண்டு அங்கே கிடக்கும்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோருக்காக வளர்ந்த பிள்ளை எழுந்து வாதாடலாம், வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. யார் பெயரில் வழக்கோ அவரும் விசாரணையில் உடனிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.