இரண்டு கதவுகள்: ஹாலா, காஃப்மனா?

மனிதர்கள் பழகும் விதத்தைப் புரிந்துகொள்ள முதலில் எதைப் படிப்பது என்று கேட்டால் இரண்டு புத்தகங்கள் போட்டிக்கு வரும்: மானிடவியலாளர் எட்வர்ட் டி. ஹாலின் 'தி ஹிட்டன் டைமென்ஷன்' (1966), சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1956-இல் வெளியிட்டு 1959-இல் விரிவாக்கிய 'தி பிரசென்டேஷன் ஆஃப் செல்ஃப் இன் எவ்ரிடே லைஃப்'.

வாசிக்க எளிது ஹால்தான். மனிதர்கள் தங்களுக்கிடையே விடும் இடைவெளியும் ஒரு பேச்சுதான் என்கிறார். சுமார் 45 செ.மீ. வரை மிக நெருக்கமானவர்கள், 1.2 மீட்டர் வரை நண்பர்கள், 3.6 மீட்டர் வரை அலுவல் பேச்சு, அதற்கு அப்பால் பொதுவெளி. இந்த எண்கள் ஊரெல்லாம் பரவிவிட்டன. ஆனால், இவை பெரும்பாலும் அமெரிக்க வடகிழக்குக் கரையோர நடுத்தர வர்க்கத்தினரிடம் எடுத்த அளவுகள், எல்லோருக்கும் பொருந்தாது என்று அவரே தந்த எச்சரிக்கை கூடவே பரவவில்லை. நெரிசலில் அடைத்த எலிகளின் நடத்தை சீர்குலைவதைக் காட்டிய ஜான் கால்ஹூன் என்ற ஆய்வாளரின் சோதனைகளிலிருந்து நகரவாசிகளுக்கு அவர் தாவுவதும் எனக்கு ஒப்பவில்லை.

இரண்டு புத்தகங்களிலும் கதவு வருகிறது. வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. ஜெர்மானியர் அலுவலகக் கதவைச் சாத்தி வைப்பார்கள், அமெரிக்கர் திறந்து வைப்பார்கள் என்கிறார் ஹால். நாட்டுக்கு ஒரு குணம், விளக்கம் முடிந்தது.

காஃப்மன் வாழ்க்கையை நாடகமேடையாகப் பார்க்கிறார்: பிறர் முன்னால் ஒரு வேடம், திரைக்குப் பின்னால் வேறு முகம். அவர் காட்டுவது ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவு ஹோட்டல் ஒன்றின் சமையலறைக் கதவு. தட்டுகளோடு போய்வரும் பணிப்பெண்களுக்கு அது திறந்திருக்க வேண்டும். விருந்தினர் சாப்பிடத் தயாரா என்று எட்டிப் பார்க்கவும் வசதி. முதலாளிகளுக்கோ சாத்தியிருக்க வேண்டும். உள்ளே நடப்பது விருந்தினர் கண்ணில் பட்டால் கட்டிக்காத்த மதிப்பு போய்விடும். கோபத்தோடு அறைந்து சாத்துவதும் கோபத்தோடு தள்ளித் திறப்பதுமாகவே கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் கழிகிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே ஊர்க்காரர்களுக்குள் நடக்கும் சண்டை இது. யார் யாரிடம் எதை மறைக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியை எந்த வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுபோகலாம். அதனால்தான் என் ஓட்டு காஃப்மனுக்கு.

குறை இல்லாமல் இல்லை. நாவல், நினைவுக்குறிப்பு, பிறர் ஆய்வு என்று மேற்கோள்களை அடுக்குகிறார். நடை இடையிடையே இறுகுகிறது. வாழ்க்கையை நாடகமேடையாகப் பார்ப்பது கட்டட வேலைக்குக் கட்டும் சாரம் போலத்தான், வேலை முடிந்ததும் பிரிக்க வேண்டியது என்று கடைசியில் அவரே சொல்லிவிடுகிறார்.

முதல் அத்தியாயம் கடினமாக இருந்தால் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள்; அந்தக் கதவு அங்கேதான் இருக்கிறது. கட்டட வடிவமைப்பில் இருப்பவர்கள் மட்டும் ஹாலை முதலில் எடுக்கலாம்.