350 சதுர அடி நிம்மதியும் பவுலின் நிம்மதியும்

மும்பை தாராவிக் குடிசைப் பகுதியின் 90 அடி சாலையில் நம் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு நேரே வீட்டுக்குத்தான் போகும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். "அது கைக்கு வரட்டும் அண்ணாச்சி, அப்புறம் நிம்மதிதான்."

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. விடியற்காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் வாளியோடு நிற்கிறவருக்கு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை என்பது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் நிம்மதியையும் அந்தச் சாவியோடு முடிந்து வைத்தால், சாவி வரும்வரை அது இல்லை. வந்தபின் பராமரிப்புக் கட்டணம், எதிர்வீட்டு ஏசி என்று அடுத்த கவலை ஆரம்பித்துவிடும்.

'நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' (அதாவது மனநிறைவோடிருக்க) என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியது (பிலிப்பியர் 4:11) காவலில், கட்டுண்டிருந்தபோது. அதே அதிகாரத்தில், பிலிப்பி சபையார் அனுப்பி எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவியைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டதையும் சொல்கிறார். ஆகவே இது எதையும் வேண்டாம் என்கிற விரக்தி இல்லை. தாழ்ந்திருக்க மட்டுமல்ல, வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறாரே, எனக்கு அதுதான் முக்கியம். வசதி வந்தாலும் மனம் அலையாமல் இருக்கக் கிறிஸ்துவின் பெலன் வேண்டும்.

குடியிருப்புச் சான்றுகளைப் பத்திரமாக வையுங்கள், உரிமையைக் கேளுங்கள். ஆனால் நிம்மதியை வீட்டுச் சாவியோடு முடிந்து வைக்கிற வழியில், மாடியறையில் வாடகைக்கு இருப்பவருக்கும் 2000-க்குப் பிறகு வந்தவருக்கும் அந்த நிம்மதியே கிடையாது. 'நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை' (எபிரெயர் 13:5) என்ற வாக்கு அவர்களுக்கும் இன்றைக்கே உண்டு.