ஆப்பிரிக்கப் பயணநூல்: ஸ்டான்லியா, முங்கோ பார்க்கா?

சேலத்தில் நாங்கள் சிலர் அவ்வப்போது ஏற்காட்டில் கூடி, படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். அடுத்த கூட்டத்துக்கு ஆப்பிரிக்கா என்று முடிவாகிவிட்டது. எந்த நூல் என்பதில்தான் இழுபறி. பாதிப் பேர் ஸ்டான்லி பக்கம். நான் முங்கோ பார்க் பக்கம்.

ஸ்டான்லிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குள் போய்த் தகவலே இல்லாமல் இருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் லிவிங்ஸ்டனை, 1871இல் தாங்கனிக்கா ஏரிக்கரை ஊரான உஜிஜியில் கண்டுபிடித்த பத்திரிகைக்காரர் அவர். 1874இல் கிழக்குக் கரையில் கிளம்பி, விக்டோரியா ஏரியைச் சுற்றி, காங்கோ ஆற்றோடு இறங்கி, 1877இல் மேற்கே, ஆறு கடலில் சேரும் பக்கம் உள்ள போமா வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தை இரண்டு தொகுதிகளாக எழுதிய நூல்தான் இது. படகைத் துண்டு துண்டாகக் கழற்றிச் சுமையாட்கள் தலையில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். உடன் போன மூன்று வெள்ளையரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. விறுவிறுப்புக்குக் குறையே இல்லை. "சாகசம் இல்லாம பயணநூல் எதுக்கு தம்பி?" என்று எங்கள் குழுவின் மூத்த ஆசிரியர் கேட்டார்.

சரி, சாகசம் வேண்டும்தான். ஆனால் ஸ்டான்லியின் பக்கங்களில் கரையோர ஊர்கள் பெரும்பாலும் துப்பாக்கி முனைக்கு அப்பால்தான் தெரிகின்றன. ஆறு எங்கே வளைகிறது என்பது துல்லியமாகக் கிடைக்கிறது. அந்த வளைவில் குடியிருந்தவர்கள் என்ன சமைத்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. பிறகு அவர் பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்காக அதே காங்கோவில் வேலை செய்தார். அந்த மன்னரின் ஆட்சியில் ரப்பருக்காக அங்கே நடந்த கொடுமைகளை மறந்துவிட்டு என்னால் இந்த நூலைப் படிக்க முடியவில்லை.

பார்க் 1795இல் காம்பியா ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டபோது 24 வயது ஸ்காட்லாந்து மருத்துவர். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருவதுதான் வேலை. வழியில் பிடித்து அடைத்து வைத்தார்கள், தப்பினார், 1796 ஜூலையில் செகு நகரத்தருகே ஆற்றைக் கண்டார், அது கிழக்கே ஓடியது. ஆனால் ஆற்றைக் கடக்க செகு மன்னர் அனுமதிக்கவில்லை. ஒதுங்கச் சொன்ன கிராமத்திலும் யாரும் சேர்க்காததால் பகலெல்லாம் பட்டினியாக மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்து மழை வரும் நேரம், வயலிலிருந்து திரும்பிய ஒரு பெண் அவருடைய குதிரைச் சேணத்தைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்கு வரச் சொன்னாள். மீனைச் சுட்டுக் கொடுத்துப் பாயும் விரித்தாள். அப்புறம் வீட்டுப் பெண்கள் விட்ட இடத்திலிருந்து பஞ்சு நூற்கத் தொடங்கினார்கள். நூற்றபடியே, தாயும் மனைவியும் பக்கத்தில் இல்லாத இந்த வெள்ளைக்காரனைப் பற்றி ஒரு பாட்டும் கட்டிப் பாடினார்கள். காலையில் பார்க்கால் கொடுக்க முடிந்தது, சட்டையில் மிச்சமிருந்த நான்கு பித்தளைப் பொத்தான்களில் இரண்டு. அம்மாப்பேட்டைத் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அந்த வீடு அந்நியமாகத் தெரியவில்லை.

அவரிடமும் குறை உண்டு. அடிமைகளை ஓட்டிச் சென்ற கூட்டத்தோடு சேர்ந்துதான் கரைக்குத் திரும்பினார். அவர்கள் பட்ட பாட்டை எழுதியவர், அந்த வணிகத்தை உறுதியாகக் கண்டிக்கவில்லை. 1805இல் அதே பார்க் சிப்பாய்களோடு மறுபடி போனார். நைஜரில் நெருங்கி வந்த படகுகளைச் சுட்டுக்கொண்டே போய், புசா அருகே 1806இல் இறந்தார். கையில் ஒன்றும் இல்லாதபோது அவரை வீட்டுக்குள் அழைத்த நாடு, துப்பாக்கியோடு போனபோது அழைக்கவில்லை. அதனால் நான் கேட்பது முதல் பயணத்தின் நூலை மட்டும்தான்.

மேரி கிங்ஸ்லியையும் ஒருவர் முன்மொழிந்தார். மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் மீன் சேகரிக்கப் போனவர்; முள்கழிகள் நட்ட பொறிக்குழியில் விழுந்தபோது தடித்த பாவாடைதான் காப்பாற்றியது என்று எழுதியவர். எனக்கு மிகவும் பிடித்த எழுத்து. நூல் பெரிது என்பதால் அதை இதற்கு அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை பார்க். ஸ்டான்லியைக் கைவிட மனமில்லாதவர்கள் அவருடைய இரண்டாம் தொகுதியில் காங்கோ இறங்கும் அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டு வாருங்கள், அதையும் சேர்த்தே பேசுவோம்.