மெரினா: நீலக்கொடியா, கழற்றி வைக்கிற வசதியா?

மெரினாவைச் சீரமைப்பது பற்றிய வாக்குவாதத்தில் இரண்டு குரல்கள்தான் உரக்கக் கேட்கின்றன. கடற்கரைகளுக்கான சர்வதேசத் தரச்சான்றான நீலக்கொடியை வாங்கினால் கடற்கரை உருப்படும் என்பது ஒன்று. எதையும் தொடாதீர்கள், மணலை மணலாக விடுங்கள் என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. வேண்டிய வசதியெல்லாம் வரட்டும், ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் கழற்றி எடுத்து வைக்கிற மாதிரி வரட்டும். இந்த மூன்றையும் ஒவ்வொரு விஷயமாக எடுத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் கொடி. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை தருவது அது. மொத்தம் 33 நிபந்தனைகள். நீரின் தரம், சூழல் மேலாண்மை, சூழல் கல்வி, பாதுகாப்பும் சேவையும் என்று நாலு தலைப்பு. ஒருமுறை வாங்கினால் நிரந்தரம் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவில் 2020இல் எட்டுக் கடற்கரைகளுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு நம் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சேர்ந்தன. அந்த முதல் எட்டில் ஒன்றான விசாகப்பட்டினம் ருஷிகொண்டாவின் கொடி 2025இல் பராமரிப்புக் குறையால் தற்காலிகமாக இறக்கப்பட்டது. கொடியின் செலவைக் கணக்குப் போடுகிறவர்கள் கட்டுமானத் தொகையோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான செலவு அதற்கு அடுத்த நாள்தான் தொடங்குகிறது.

சட்டம் இதற்கு வழி விட்டிருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் நீலக்கொடிக்கான வசதிகளை முன் அனுமதி இல்லாமல் அமைக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் ஆணையிட்டது. எடுத்து வைக்கக்கூடிய கழிப்பறை, உடைமாற்றும் அறை, ஷவர், நடைபாதை, குடை, காவல் கோபுரம், கேமரா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். மெரினாவைப் பொறுத்தவரை இந்த 10 மீட்டர் காகிதத்துக்குச் சரி. வாடைக்காலத்தில் ஒரே ஒரு புயல் இரவு அந்த இடைவெளியை விழுங்கிவிடும்.

நீரின் தரத்தில்தான் நீலக்கொடிக் கட்சி பலவீனமாக நிற்கிறது. மலக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமிகளான ஈ-கோலி 100 மில்லி நீரில் 250க்கும் குடல் என்டெரோகாக்கை 100க்கும் மேல் போகக் கூடாது. அதுவும் சராசரியில் இல்லை, எடுத்த மாதிரிகளில் 95 விழுக்காடு அந்த வரம்புக்குள் நிற்க வேண்டும். குளிப்பவர்கள் கூடும் இடத்தில், கழிவு வரக்கூடிய முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், 31 நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் மாதிரி எடுக்க வேண்டும்.

மெரினாவின் வடக்கே கூவம், தெற்கே அடையாறு. சென்னை மீனவர்கள் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை வன்னி என்பார்கள், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்பார்கள். வன்னி ஓடினால் கூவத்து நீர் மெரினா பக்கம் வரும்; தெண்டி ஓடினால் அடையாற்று நீர் வரும். வன்னி ஓடுவதும் வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் ஒன்றாக வருவதால், மணல் அடைத்துக் கிடந்த கூவத்தின் வாய் வெள்ளத்தில் உடைந்து மாதக்கணக்கில் தேங்கியது மொத்தமும் வெளியேறும்போது, நீரோட்டமும் இந்தப் பக்கம் தள்ளும். இது புரியாமல் ஏதோ ஒரு அமைதியான மாதத்தில் மாதிரி எடுத்து மகிழ்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. இரண்டு ஆறுகளிலும் பக்கிங்காம் கால்வாயிலும் விழும் சாக்கடையைத் தடுக்காமல் கரையில் எத்தனை குடை நட்டாலும் இந்த எண்கள் மாறாது.

இன்னொரு முரண். நீலக்கொடிக் கடற்கரை குளிப்பதற்கான கடற்கரை. மெரினாவிலோ கடலில் இறங்கக் கூடாது என்று காவல்துறை பலகை வைத்திருக்கிறது. கரையை விட்டுச் சில அடிகளிலேயே தரை சட்டென்று இறங்குகிறது, அலை திரும்பும்போது இழுப்பும் உண்டு. தடை தேவையானதுதான். கோவளத்தில் பொருந்திய நிபந்தனைகள் இங்கே பொருந்தாததற்கு முதல் காரணம் இந்தச் சரிவு.

இனி நடைபாதை. மூன்று வழிகளையும் நேருக்கு நேர் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. மெரினாவின் மணல் சராசரியாக 300 மீட்டர் அகலம். மணலை மணலாக விடச் சொல்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம்: இவ்வளவு மணலும் துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலைத் தடுத்ததால் சேர்ந்தது. இங்கே சேர்ந்த மணல்தான் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் போகாமல் போன மணல். அந்த அகலமே சக்கர நாற்காலிக்காரருக்குச் சுவர். ஒன்றும் செய்யாமல் விட்டால் அவர் சர்வீஸ் ரோட்டோடு நிற்க வேண்டியதுதான்.

2022 நவம்பர் இறுதியில் மாநகராட்சி 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை திறந்தது. செலவு 1.14 கோடி ரூபாய். கருவேலம், சிவப்பு மெராந்தி, பிரேசில் மரம் எல்லாம் போட்டுச் செய்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது கடல் பக்க முனை பெயர்ந்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். மரத்தில் குறை இல்லை. நகரும் மணலில் நகராத ஒன்றை அலை தொடும் இடம் வரை கொண்டுபோனதுதான் குறை. அலை தூண்களின் அடிமணலை அரித்து எடுத்துவிட்டால் எந்த மரமும் தொங்கத்தான் செய்யும்.

மாற்று, சுருட்டும் பாய். கனமான பாலியெஸ்டர் நெசவு, ஓரத்தில் முளையடித்து இறுக்குவது. 15 மீட்டர் சுருள் என்று வைத்தால் அதே தூரத்துக்கு 18 சுருள் வேண்டும். நாலு பேர் ஒரு காலையில் விரித்துவிடலாம், புயல் எச்சரிக்கை வந்தால் மாலையில் சுருட்டிவிடலாம். குறையும் உண்டு: கூட்டம் மிதிக்க மிதிக்க அடியில் மணல் பள்ளம் விழும், மடிப்பு வரும், முளை கழன்றால் கால் தடுக்கும். தினமும் ஆள் வேண்டும். பலூன் டயர் வைத்த கடற்கரை நாற்காலி மூன்றாவது. அதற்குப் பாதையே வேண்டாம். ஆனால் தானாக ஓட்ட முடியாது, யாராவது தள்ளியாக வேண்டும். ஒருவர் யார் உதவியும் இல்லாமல் கடலைப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் பாதையைத் தவிர வேறு வழியில்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லை. முதல் 200 மீட்டர் நிலையான மரப்பாதை, மீதி போல்ட் கழற்றி எடுக்கிற பலகைத் துண்டுகளோ பாயோ. பிரிக்கும் இடத்தை வரைபடத்தில் தேடக் கூடாது. பெரிய புயலுக்குப் பிறகு கடல் ஒதுக்கிய குப்பை எந்தக் கோட்டில் கிடக்கிறதோ, அதற்கு மேற்கே நிலையானது, கிழக்கே கழற்றுவது. பலகை நடக்கும் திசைக்குக் குறுக்காகப் போக வேண்டும், நெடுக்காகப் போட்டால் நாற்காலியின் முன் சக்கரம் இடுக்கில் மாட்டும். இடுக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆணியும் போல்ட்டும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்புக்காற்றில் முலாம் பூசிய இரும்பு சீக்கிரமே துருவேறி, கழற்ற வேண்டிய நாளில் கழலாது. ஏற்ற இறக்கம் 1:12க்கு மேல் போகக் கூடாது. காற்று கொண்டுவரும் மணல் ஐந்து சென்டிமீட்டர் படிந்தாலே நாற்காலி நின்றுவிடும், ஆகவே தினமும் காலையில் துடைப்பம். இந்தத் துடைப்பக்காரரின் சம்பளம் திட்ட மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பார்த்தாலே திட்டத்தின் தரம் தெரிந்துவிடும்.

கழிப்பறை விஷயத்தில் அதிகம் பேச ஒன்றுமில்லை. மணலில் குழி தோண்டிக் கட்டக் கூடாது, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிக் குழி பொங்கும். மூடிய தொட்டி வைத்த நகரும் கழிப்பறை, லாரி வந்து உறிஞ்சும் தூரத்தில் இருந்தால் போதும். மழை நாளில் தண்ணீர் குளமாக நிற்கும் தாழ்ந்த மணல் எது என்று அங்கே சுண்டல் விற்பவரைக் கேட்டால் சொல்வார், அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

விளக்கில் மோதல் நேரடியானது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன, 45 முதல் 50 நாளில் குஞ்சு பொரிகிறது. குஞ்சு வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி ஓடும். ஹைமாஸ்ட் விளக்கு நின்றால் அது காமராஜர் சாலைக்குத்தான் வரும். இரவுப் பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முழங்கால் உயரத்தில், கடல் பக்கம் தடுப்பு வைத்த மஞ்சள் நிற விளக்கு பாதைக்குப் போதும். ஆமை ஆர்வலர்களின் பொரிப்பகத்தைக் கவனியுங்கள்: சீசனுக்கு வேலி போட்டு, முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். காணும் பொங்கலுக்குக் காவல்துறை கட்டும் மூங்கில் தடுப்பும் அப்படியே.

மீனவர் பக்கம் வந்தால் மூன்று வழியும் ஒரே கேள்வியில் முட்டும்: படகும் வலையும் எங்கே? 1985இல் மெரினாவை அழகுபடுத்தப் படகுகளை அகற்றப் போய்த் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். அந்த நினைவு குப்பங்களில் இன்னும் இருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே லூப் ரோடு மீன்கடைகளை உயர் நீதிமன்றம் 2023இல் கையிலெடுத்தது, 2024இல் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு சந்தை திறந்தது. மீன் விற்க இடம் வந்தது நல்லதே. ஆனால் கரையில் வலை காய, படகை மேலே இழுக்க, ஐஸ் பெட்டி இறக்க வேண்டிய வெற்று மணல் சந்தைக் கட்டடத்துக்குள் அடங்காது. நீலக்கொடிப் பகுதிக்கு எல்லை போடும்போது அந்த மணல் ‘காலியிடம்’ என்று வரைபடத்தில் விழுந்துவிடும் அபாயம்தான் குப்பங்களின் பயம். நியாயமான பயம்.

வண்டிக் கடைகளை உயர் நீதிமன்ற வழக்கையொட்டி 900 என்று வரையறுத்தார்கள். எண்ணிக்கையை விட வண்டி எங்கே நிற்கிறது என்பதே முக்கியம்: பாதையின் இரு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் விட்டு, நீர்க்கோட்டை மறைக்காமல்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கொடியை இப்போதைக்கு ஒத்திவைத்து, அதன் பட்டியலிலிருந்து பாதை, கழிப்பறை, குடிநீர், முதலுதவி, உயிர்காப்பாளர் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வதே மெரினாவுக்குச் சரி. முகத்துவார நீர் தேறிய பிறகு கொடியைப் பற்றிப் பேசலாம். டெண்டரில் மூன்று வரி கூடுதலாக எழுத வேண்டும். செப்டம்பர் 30க்குள் கடல் பக்கத் துண்டுகளைக் கழற்றுவது ஒப்பந்தக்காரர் பொறுப்பு. பொங்கலுக்கு முன் திரும்பப் பூட்டுவதும் அவர் பொறுப்பு. கழற்றியதை மழை படாமல் எண் போட்டு அடுக்க சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு கொட்டகை. அந்தக் கொட்டகை இல்லாவிட்டால் முதல் ஆண்டே பலகைகள் மணலில் குவிந்து கிடக்கும், இரண்டாம் ஆண்டு பாதி காணாமல் போயிருக்கும்.