ஏ.ஆர்.டி. மாத்திரை: கவுன்சிலர் சொல்வதா, அதைச் சாப்பிடுபவரே சொல்வதா?

2004 ஏப்ரலில் இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஏ.ஆர்.டி. எனும் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று பலருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான். ஆனாலும் விட்டுப்போகிறது. யார் எடுத்துச் சொன்னால் மனதில் நிற்கும்?

கவுன்சிலரிடம் விவரம் துல்லியம். டப்பாவில் மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணுவார். அடிக்கடி விட்டால் மருந்துக்கு வைரஸ் மசியாமல் போய்விடும் என்று புரியவைப்பார். இந்தக் கூட்டு மருந்தில் வரும் டோலுடெக்ராவிரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அன்டாசிட் சிரப்புக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். இதையெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் வெளியே வரிசை நிற்கும், பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

பத்து வருஷமாகச் சாப்பிடும் ஓர் அக்கா பேசுவது வேறு. "கல்யாண வீட்டுல மாமியார் பார்த்துட்டா என்ன சொல்றதுக்கா?" என்று அவரிடம்தான் கேட்க முடியும். "சத்து மாத்திரைன்னு சொல்லும்மா, நான் அப்படித்தான் சொன்னேன்" என்பார். வைரஸ் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால் உடலுறவு மூலம் பரவாது என்பதையும், தன் கணவருக்குப் பரவவில்லை என்று அவர் சொல்லும்போதுதான் பயம் விலகுகிறது.

முதல் மாதம் கவுன்சிலர்தான் முக்கியம் என்பேன். அப்புறம் வரும் சலிப்புக்கு அந்த அக்காதான். பக்கவிளைவு என்றால் மட்டும் அவரும் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும்.