காலையில் இருபது நிமிடம், ஒரு 8×42 பைனாகுலர்: மூன்றரை வருட அனுபவம்

2022 பெப்ரவரியில் பழையதாக வாங்கியது. விலை 28,000 ரூபாய். வாங்கிய அடுத்த மாதமே பொருளாதார நெருக்கடியில் இலங்கை முழுக்க வரிசையில் நின்றது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. இப்படியொரு பொருளுக்கு இந்த நேரத்தில் காசு கொடுத்துவிட்டோமே என்று பல இரவுகள் மனம் உறுத்தியது. இன்று யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் இதைப் போல நாள் தவறாமல் கைபட்ட பொருள் அடுப்பூதும் குழல் ஒன்றுதான்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். வீட்டு முற்றத்தில் நின்றால் எதிரே தேயிலை மலை, இடது பக்கம் ஓடையும் தண்ணீர் விழும் பீலியும், பின்னால் ஒரு காட்டுத்துண்டு. குருவி பார்ப்பதில் சின்ன வயதிலிருந்தே ஆசை. நேரம்தான் அமையவில்லை. பைனாகுலர் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் என்று வைத்தேன். ஞாயிறு என்றால் துணி துவைக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும், கோயில், அடுத்த வாரத்துப் பாடக்குறிப்பு. ஆறு வாரத்தில் இரண்டு முறைதான் அதை உறையை விட்டு எடுத்தேன்.

பிறகுதான் கவனித்தேன்: காலையில் சோறு கொதிக்கும்போது அடுப்படியில் சும்மா நிற்கிறேன். உலையில் அரிசி போட்டதிலிருந்து வடிக்கும்வரை எப்படியும் இருபது நிமிடம். அந்த நேரத்தை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை, அது ஏற்கனவே என்னிடம் இருந்தது. "அடுப்ப நான் பாத்துக்கிறேன், நீ போ புள்ள" என்றார் அத்தை. அன்றிலிருந்து 6.05 முதல் 6.25 வரை முற்றத்தில் நிற்கிறேன். தவணைப் பரீட்சை நாட்களிலும், மகளுக்குக் காய்ச்சல் என்றாலும், ஜூன், ஜூலையில் மழை விடாமல் பெய்யும் வாரங்களிலும் தவறியிருக்கிறது. ஆனால் தவறிய மறுநாளும் அரிசி கொதித்தது, அதனால் பழக்கம் அறுந்து போகவில்லை.

இந்த நேரத்துக்கு 8×42 பொருத்தமா என்றால், மிகவும் பொருத்தம். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். இதில் அது 5.25 மில்லிமீட்டர். இதற்கு முன் நண்பி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய சட்டைப்பை அளவு 10×25இல் 2.5 மட்டுமே. நடுப்பகலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஆறு மணி மூடுபனியில் நம் கண்மணி விரிந்திருக்கும்போது, சிறியதில் எல்லாக் குருவியும் கறுப்பு நிழல்தான். இதில் பட்டாணிக்குருவியின் வெள்ளைக் கன்னம் தனியாகத் தெரிகிறது. பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்கு. குளிரில் விறைத்த கைக்கு எட்டே போதும்.

முதல் மூன்று மாதம் படம் தெளிவில்லாமல் தலை வலித்தது. காரணம் வலது கண்பக்கத்தில் இருக்கும் சிறு வளையம். நம் இரு கண்ணுக்கும் பார்வை ஒன்றாக இருப்பதில்லை. வலது பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடதை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், அந்த வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒருமுறை செய்தால் போதும். நான் வளையம் நிற்கும் இடத்தில் நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்பக்க ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும்.

எடை 700 கிராமுக்குக் கிட்ட. கூட வந்த மெல்லிய வார் கழுத்தை அறுத்தது. பழைய சேலைக் கரையை நாலாக மடித்துத் தைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

இனி குறை. மலைநாட்டில் பைனாகுலர் வைத்திருப்பவர்களுக்குப் பூஞ்சணம் பெரிய எதிரி. இரண்டாம் வருட மழைக்காலம் முடியும்போது இடது முன்கண்ணாடியின் உட்பக்கம் சிலந்தி வலை மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. துடைத்தால் போகவில்லை. கண்டியில் ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தேன். திரும்பி வந்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது, ஆனால் ஒரு குருவி இரண்டாகத் தெரிந்தது. திறந்து மூடியதில் இரு குழாய்களும் நேர்கோட்டிலிருந்து விலகிவிட்டன. மறுபடி ஒருநாள் லீவு, மறுபடி பஸ் பயணம். இரண்டாம் முறை சரியாகச் செய்து தந்தார்கள். பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள், வாங்கும்போது கடை வாசலிலேயே தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்த்துச் சோதித்துவிட்டு வாருங்கள்.

அதன்பிறகு அது இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் மணிகளோடுதான் தூங்குகிறது. நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அப்போது ஒரு பழைய தகரத்தில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்பவும் நீலமாகும். (அந்தத் தகரத்தைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. நீல நிறம் கோபால்ட் சேர்மத்தால் வருவது.) நனைந்துவிட்டால் டப்பாவில் போடுமுன் நன்றாகக் காயவிட வேண்டும். அடுப்படியில் வைப்பதையும் நிறுத்திவிட்டேன். மிளாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி எரியும் புகை கண்ணாடியில் படிகிறது. அதோடு குளிரில் இருந்துவிட்டுச் சூடான அடுப்படிக்குள் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க ஆவி பிடித்து நீர் கோர்த்துக்கொள்கிறது. டப்பா இப்போது திண்ணைப் பலகையில். துடைப்பதென்றால் முதலில் தூசியை ஊதி, பிறகு மெல்லிய துணி. முந்தானையால் ஒருபோதும் துடைக்காதீர்கள். நான் துடைத்த கீறல் இன்னும் வலது கண்ணாடியில் இருக்கிறது.

யாரும் சொல்லித் தராத ஒன்றும் உண்டு. முற்றத்திலிருந்து நான் பார்க்கும் மலையில்தான் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அதன் கீழேதான் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், லயம். கொஞ்ச நாளில் ஒரு அக்கா நேரே கேட்டார்: "டீச்சர், அத வச்சுக்கிட்டு எங்களத்தான் பாக்குறீங்களா?" எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் கேட்டது நியாயம். அந்த மலையில் கண்காணிப்பவர்களுக்கு என்றுமே குறைவில்லை. பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். தேயிலைச் செடி உச்சியில் உட்கார்ந்திருந்த கறுப்புப் புதர்ச்சிட்டைக் காட்டினேன். இலங்கையில் அது மலைநாட்டில்தான் இருக்கிறது. ஆண் பெரும்பாலும் கறுப்பு, இறக்கையில் வெள்ளைத் திட்டு. அக்கா பார்த்துவிட்டு, "இதுவா? இது கூடு நாலாம் நம்பர் மலையில மண் சரிவுக்குள்ள இருக்கே" என்றார். நான் பல நாளாகத் தேடிய கூடு அது. இப்போது லயத்துப் பக்கம் பைனாகுலரைத் திருப்புவதே இல்லை. குருவிச் செய்தியும் அவர்களிடமிருந்தே வருகிறது.

ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்ப்பதால் கண் பழகிவிடுகிறது. எங்கள் நாட்டில் மட்டுமே வாழும் மஞ்சள் காது கொண்டைக்குருவியும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் வீட்டுப் பின்னால் காட்டுத்துண்டில் இருப்பது எனக்கு முப்பது வயதுவரை தெரியாது. செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் குட்டையாக்கிய மலைக்கு எந்தக் குருவி வரும், துளிர் எழும்பியதும் எது போகும் என்று இப்போது சொல்ல முடியும். 2023 டிசம்பரில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போனோம். அங்கே ஒரு புதரடியில் ஆரஞ்சு நெஞ்சும் அதன் ஓரத்தில் கறுப்பு வரியுமாக ஒரு சின்ன ஈப்பிடிப்பான் அசைந்தது. காஷ்மீரிலும் அதை ஒட்டிய மலைகளிலும் குஞ்சு பொரித்து, குளிருக்கு எங்கள் மலைக்கு வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான். பக்கத்தில் நின்றவர்கள் பார்ப்பதற்குள் அது மறைந்துவிட்டது. அந்த இரண்டு விநாடிக்குள் பைனாகுலர் கண்ணுக்கு வந்து சக்கரமும் தானாகத் திரும்பியது, இருபது இருபது நிமிடமாக முற்றத்தில் கை பழகியதால்தான்.

மறுபடி வாங்கினால் இதே 8×42தான் வாங்குவேன். ஆனால் உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த, நீர் புகாத வகையாக. இதில் அது இல்லை. விலை கூடினாலும் இந்த மழைக்கு அதுதான் சரி. கண்பக்க ரப்பர் ஒன்று கிழிந்து சைக்கிள் டியூப் வளையத்தோடு நிற்கிறது. வேறு பழுதில்லை.

இப்போது செப்டம்பர் முதல் வாரம். வடக்கேயிருந்து வரும் சாம்பல் வாலாட்டி போன வருடம் 14ஆம் திகதி பீலிக்கரைக்கு வந்தது, அதற்கு முந்திய வருடம் 11ஆம் திகதி. முதலில் கண்டது இரண்டு முறையும் மகள்தான். அவள் இப்போது 6.05க்கு எனக்கு முன்னமே எழும்பி, திண்ணைப் பலகையிலிருந்து டப்பாவை இறக்கி வைத்திருக்கிறாள்.